தோலிக்கின் பதக்கம்

"நல்ல சேதி அக்கா, பதக்கம் இருக்கு," என்றார் மாவட்ட ராணுவ அலுவலகத்து மேஜர் எர்னிஸ். கையிலிருந்த கடிதத்தை இன்னொரு தடவை பார்த்தார். "ஆனா அது அண்ணனோடது இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்தொரு வருடம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவள் நான். ரஷ்யாவில் இருக்கிற ராணுவக் காப்பகத்துக்கு மூன்று தடவை பதிவுத் தபால் அனுப்பி, பதினான்கு மாதம் காத்திருந்து வரவழைத்த பதில் அது. என் கணவர் தொக்தோசுன் பக்கத்து நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கோபப்படுவது எங்கள் வீட்டில் என் வேலை.

"பின்ன யாரோடதாம்?" என்று கேட்டேன்.

"பெய்ஷெகேயெவ் அனடோலி எஸ். அறுபத்தாறுல பிறந்தவர். லாரி டிரைவர். நம்ம மாவட்டத்துலேர்ந்து போனவர். எண்பத்தேழு பிப்ரவரி ஒன்பது, சலாங் கணவாய். 'தீரத்துக்காக' பதக்கம்."

"நம்ம மாவட்டத்துல பெய்ஷெகேயெவ்னு எத்தன குடும்பம் இருக்கு தம்பி?"

"உங்க குடும்பம் ஒண்ணுதான்."

"அதுல அனடோலின்னு எவனாவது இருக்கானா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"பேரு பொருந்தலையே அக்கா," என்றார். முப்பது வயசு இருக்கும். நல்ல பையன் போலத்தான் பேசினார். அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

எங்களுக்கு வேண்டியதெல்லாம் இவர் ஆப்கானிஸ்தான் போனார் என்று ஒரே ஒரு வரி. என் கணவரின் ராணுவச் சேவைப் புத்தகத்தில் 'தெர்மெஸ், 1985 முதல் 1987 வரை' என்று இருக்கிறது. அவ்வளவுதான். தெர்மெஸ் எல்லை ஆற்றுக்கு இந்தப் பக்கம், சோவியத் பக்கம். இவருடைய லாரிப் படை அங்கேதான் இருந்தது. அங்கே டீசல் நிரப்பிக்கொண்டு பாலம் தாண்டி ஆப்கானிஸ்தானுக்குள் போய், சலாங் ஏறி, காபூலில் இறக்கிவிட்டுத் திரும்புவார்கள். அறுபத்தொரு தடவை போய் வந்திருக்கிறார். புத்தகம் எழுதிய புண்ணியவான் லாரி தூங்கிய இடத்தை எழுதினான், ஓடிய இடத்தை எழுதவில்லை.

போன வருடம் பிப்ரவரி பதினைந்து, ஆப்கானிஸ்தானிலிருந்து படை திரும்பிய நாள் கூட்டத்துக்குப் போயிருந்தோம். முன்வரிசையில் அவர் உட்கார்ந்ததும் முன்னாள் வீரர் சங்கத் தலைவர் அசன்குல் பட்டியலோடு வந்தார். "அண்ணே, இது ஆப்கானிஸ்தான் போனவங்க வரிசை. தெர்மெஸ்ல உக்காந்து தர்பூசணி தின்னவங்களுக்குப் பின்னாடி நாற்காலி போட்டிருக்கு," என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இவர் சட்டையைச் சுருட்டிக் கையைக் காட்டினார். முழங்கை வரைக்கும் தீக்காயம். "டீ கொதிக்கிற சமோவர் கொட்டினாலும் இப்படித்தான் ஆகும்," என்று எவனோ சொன்னான். அதிலிருந்து ஊரில் இவர் பெயர் தர்பூசணி. மனிதர் சந்தைக்குப் போவதையே விட்டுவிட்டார். பேரன் பேத்தி எடுத்த ஆள், தெருவில் இறங்க வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தார்.

சரி, அந்த அனடோலி எங்கிருந்து வந்தான்? சோவியத் ராணுவத்தில் இருந்த, ரஷ்யர் அல்லாத எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதிகாரிகளுக்கு எங்கள் பெயர் வாயில் நுழையாது. நுழைக்க அவர்கள் முயற்சியும் செய்யமாட்டார்கள். முதல் நாள் வரிசையில் நிற்க வைத்து, "நீ மீஷா, நீ கோல்யா" என்று ரொட்டி பங்கு போடுகிற மாதிரி பெயர் கொடுத்துக்கொண்டே போவார்கள். தொக்தோசுனுக்குத் தோலிக் என்று கிடைத்தது. தோலிக் என்றால் அனடோலியின் சுருக்கம்தானே? சலாங்கில் எரிந்துகொண்டிருந்த டேங்கரைத் தன் லாரியாலேயே முட்டித் தள்ளிப் பள்ளத்தில் விழவைத்து, பின்னால் வந்த முப்பது லாரிக்கு வழி விட்டது யார் என்று படைத் தலைவர் கேட்டிருக்கிறார். "தோலிக்" என்று எல்லோரும் கத்தியிருக்கிறார்கள். எழுத்தர் அனடோலி என்று அழகாக எழுதி மேலே அனுப்பிவிட்டான். பதக்கம் வருவதற்குள் இவர் ஊர் திரும்பிவிட்டார். அது யாரைத் தேடிப் போனதோ, யாருக்குத் தெரியும்?

"காகிதம் அவரோடதுன்னு கோர்ட்டுல எழுதி வாங்கிட்டு வாங்க அக்கா, ரெண்டே நிமிஷத்துல பதிஞ்சு தர்றேன்," என்றார் மேஜர்.

கோர்ட்டுக்குப் போனோம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் மனுவை முழுதாகப் படிக்கக்கூட இல்லை. "ராணுவக் காகிதத்தை நாங்க தொட மாட்டோம். வீட்டுக் காகிதம், டிப்ளோமா, அந்த மாதிரின்னா கொண்டு வாங்க. இதுக்கு ராணுவ அலுவலகம் போங்க," என்றாள். திரும்ப மேஜர். திரும்ப ஜன்னல். பனியில் பூட்ஸ் தேய நடந்தோம். தபாலில் ஒரு கடிதம் இரண்டு ஊருக்கு நடுவில் இப்படி அலைந்திருந்தால் என் வேலை போயிருக்கும்.

நான்காவது தடவை போனபோது நான் மேஜரின் மேசையைத் தட்டிவிட்டேன். "அதே குடும்பப் பேரு, அதே வருஷம், அதே மாவட்டம், அதே லாரி வேலை. இன்னும் என்ன தம்பி வேணும் உங்களுக்கு? டேங்கரை எரிய வெச்சுக் காட்டணுமா?"

"எனக்குத் தெரியாதா அக்கா? அண்ணன்தான் அதுன்னு எனக்கு நல்லாவே தெரியும். ஆனா அந்தக் காகிதம் இப்ப வேற நாட்டோடது. அதுல இருக்கிற தப்ப நான் எப்படித் திருத்துறது?" கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "ஒண்ணு செய்யலாம். காகிதத்த மாத்த முடியாது, அண்ணன மாத்தலாம். பதிவு அலுவலகத்துல போய் பேரை அனடோலின்னு மாத்திக்கட்டும். எல்லாம் பொருந்திடும்."

விளையாடுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் சிரித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"எத்தன மணி வரைக்கும் அந்த அலுவலகம் திறந்திருக்கும்?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்துவிட்டேன். மாவு பிசைந்துகொண்டிருந்தேன், பாதி மாவு தரையில். "உங்களுக்கு மூளை கலங்கிடுச்சா? உங்கம்மா நாலு பிள்ளைய மண்ணுக்குக் கொடுத்துட்டு, இவனாவது நிக்கட்டும்னு தொக்தோசுன்னு வெச்ச பேரு அது. அதையா கழட்டிப் போடப் போறீங்க?"

"கத்தாத புருல்சா."

"கத்துவேன். நாளைக்கு நீங்க போய்ட்டா ஜனாஸாத் தொழுகையில முல்லா யாரு பேரச் சொல்லித் துவா கேப்பாரு? அனடோலிக்கா?"

அவர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அந்த ரோட்டுல தொக்தோசுன்னு ஒருத்தன் இருந்ததே இல்ல. 'தோலிக், வண்டிய எடு'ன்னாங்க, எடுத்தேன். 'தோலிக், தள்ளு'ன்னாங்க, தள்ளினேன். தொக்தோசுன் தெர்மெஸ்ல தர்பூசணி தின்னுக்கிட்டு இருந்தான். புத்தகம் சரியாத்தான் சொல்லுது."

கல்யாணமான முப்பத்தைந்து வருடத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசிக் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே திட்டினேன். என்ன திட்டி என்ன? மறுநாள் காலையில் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். தனியாக விட மனசு வராமல் நானும் போனேன்.

பதிவு அலுவலகத்தில் அய்னாஷ் என்று ஒரு பெண். தங்கப் பல், நல்ல சுபாவம். என் கணவர் படிவத்தை நிரப்பினார். பழைய பெயர் தொக்தோசுன், புதிய பெயர் அனடோலி. அய்னாஷ், மேஜர் ஒட்டிக் கொடுத்திருந்த உறையைப் பிரித்து, காப்பகத்திலிருந்து வந்த பதக்கத் தாளின் நகலை எடுத்தாள். எங்களுக்கு அதுவரை கடிதத்தை மட்டும்தான் காட்டியிருந்தார்கள்.

"அண்ணே, அப்பா பேரு என்ன?"

"ஷார்ஷென்."

"இதுல அனடோலி செர்கேயெவிச்னு இல்ல போட்டிருக்கு?"

நான் எட்டிப் பார்த்தேன். கடிதத்தில் வெறும் 'எஸ்' என்று இருந்ததை நாங்கள் ஷார்ஷென் என்றே எடுத்துக்கொண்டிருந்தோம். அந்த எழுத்தர், மகனுக்கு மட்டும் பெயர் வைத்துவிட்டு நிற்கவில்லை. அப்பனுக்கும் வைத்திருக்கிறான். செர்கேயெவிச் என்றால் செர்கேயின் மகன்; ஷார்ஷெனைச் செர்கேய் ஆக்கியிருக்கிறான்.

"பரவால்ல, அதையும் மாத்திடலாம்," என்றாள் அய்னாஷ். "சட்டத்துல இடம் இருக்கு. அப்பா பேரு செர்கேய்னு இன்னொரு படிவம். அவ்வளவுதான்."

என் கணவர் பேனாவைக் கீழே வைத்தார். முகம் செங்கல் நிறத்துக்குப் போனது.

"ஷார்ஷென்," என்றார். "பெய்ஷெகே. கொஜோமுரத். சாத்தி. அல்தய். தினிஸ்தான். போரோன்பாய்." கவுண்டரில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குத்து. முத்திரைகள் எல்லாம் குதித்தன. எங்களில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தன் ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயர் மனப்பாடம். ஆனால் ஐம்பத்தெட்டு வயசு மனிதர் அரசாங்க அலுவலகத்தில் நின்று இப்படிக் கத்தி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "ஏழு பேரு! இதுல செர்கேய் எங்கம்மா வர்றான்? எந்தக் கூடாரத்துல படுத்துக் கிடந்தான் அவன்? என் பேர எடுத்துக்கோ, போகுது. அந்தக் கெழவன் ஆயுசு பூரா ஆட்டுக்குப் பின்னாடி நடந்து செத்துப்போனான். அவனுக்கு நான் வேற பேரு வெக்கணுமா?"

அய்னாஷ் படிவத்தைத் தானே கிழித்துப் போட்டாள். "மன்னிச்சுக்கங்க அண்ணே," என்றாள்.

வெளியே வந்ததும் அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. படிக்கட்டுத் திண்டில் பனியைக் கையால் தள்ளிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து சேவைப் புத்தகத்தை எடுத்தார். "பேனா குடு," என்றார். கொடுத்தேன். தெர்மெஸ் என்ற வரிக்குக் கீழே, பெரிய பெரிய எழுத்தில், 'ஆப்கானிஸ்தான், சலாங், 9 பிப்ரவரி 1987, தீரத்துக்காகப் பதக்கம்' என்று எழுதினார்.

"அய்யய்யோ, அது அரசாங்கப் புத்தகம்! உள்ள போட்டுடுவாங்க!" என்று அலறினேன்.

"போடட்டும். விசாரிக்காமப் போட முடியாதுல்ல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராணுவக் காகிதத்தைத் தொடமாட்டோம் என்று ஜன்னலை மூடிய அதே கோர்ட். கள்ள எழுத்து எழுதினான் என்று வழக்கு வந்தால் தொட்டுத்தானே ஆகவேண்டும்? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் வழுக்கி விழாத குறையாக ராணுவ அலுவலகத்துக்கு நடந்தோம்.

மேஜர் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். மை இன்னும் சரியாகக் காயவில்லை.

"யாரு எழுதினது இது?"

"நான்தான்."

"அண்ணே, இது குற்றம்."

"தெரியும். வழக்குப் போடு."

மேஜர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் பாக்கல, சரியா? புத்தகம் தொலைஞ்சு போச்சுன்னு ஒரு காகிதம் எழுதிக் குடுங்க. புதுசு தந்துடுறேன்."

"அதுல என்ன எழுதுவீங்க?" என்றேன்.

"பழசுல என்ன இருந்துச்சோ அதுதான்."

"தெர்மெஸ்," என்றார் என் கணவர். "வேணாம் தம்பி. நீ வழக்கையே எழுது."

மேஜர் என்னைப் பார்த்தார். எப்போதும் கத்துகிற நான் அன்றைக்கு எழுதுங்க என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் இழுப்பறையிலிருந்து தாளை எடுத்தார். பெய்ஷெகேயெவ் தொக்தோசுன் ஷார்ஷெனோவிச் என்று எழுதினார். ஒரு எழுத்து பிசகவில்லை. தேதி எழுதினார், புத்தகத்தின் எண் எழுதினார். பிறகு பேனா நின்றது.

"என்ன நின்னுட்ட?" என்றார் என் கணவர்.

"அடுத்த வரி..."

"சொல்லு."

"சலாங்குல இருந்ததாப் பொய்யா எழுதினார்னு வரணும் அண்ணே. படிவத்துல அப்படித்தான் இருக்கு."

"எழுது."

"நீங்க அங்க இருந்தீங்கன்னு எனக்குத் தெரியும் அண்ணே."

"தெரிஞ்சுதானே இத்தன நாளா அலைய விட்ட? எழுது. பொய்யின்னு எழுது. குனிஞ்சுக்காத. என் மூஞ்சியப் பாத்து எழுது."

மேஜரின் காது இரண்டும் சிவந்துபோயிருந்தது. நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை. குனிந்தபடியே எழுதினார். என் கணவர் தாளைத் தன் பக்கம் திருப்பி ஒவ்வொரு சொல்லாகப் படித்துவிட்டு, 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்ற இடத்தில் அப்பா பெயரோடு சேர்த்துத் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தோம். சந்தை வழியாகப் போகலாம் என்று அவரே சொன்னார். அசன்குல் இறைச்சிக் கடை வாசலில் நின்றிருந்தார். இவரைப் பார்த்ததும், "என்ன தர்பூசணி, வீட்டவிட்டு வெளியவே வந்துட்ட?" என்றார்.

"என்மேல கேஸ் விழுந்திருக்கு," என்றார் என் கணவர். "எண்பத்தேழு பிப்ரவரி ஒன்பதாம் தேதி நீ எங்க இருந்தன்னு நீதிபதி என்னைக் கேக்கப்போறான். முப்பத்தேழு வருஷத்துல முதல் தடவையா ஒருத்தன் கேக்கப்போறான். நீயும் வந்து முன்வரிசையில உக்காந்து கேளு."