நீலத் தகரக் கூரை

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: அம்மா, அண்ணன், அண்ணி, சித்தப்பா, துணி போட்டு மூடிய ஓவியத்தோடு வந்த தங்கை. அப்பாவும் இருந்தார், சுவரில், சட்டத்துக்குள்.

தங்கை கடைப்பலகை எழுதிப் பிழைப்பவள். அதற்கு முன் குடும்பப் படகில் சுக்கான் பிடித்தவள். தனக்குப் பிறகும் சுக்கான் அவள் கையில்தான் என்று அப்பா எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். சில வருஷம் முன்பு, அவர் இறந்த மழைக்காலத்தில், அவள் காய்ச்சலில் கிடந்த வாரம், படகு பாறையில் மோதித் தூள்தூளாகிவிட்டதாக அண்ணன் வந்து சொன்னான். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஒரு பலகைகூட மிஞ்சவில்லை என்றார்கள். அவளும் நம்பித் தொலைத்தாள்.

அம்மாவுக்காகத்தான் இந்த ஓவியம். பழைய போட்டோவில் படகு வெறும் சாம்பல் நிறம். பச்சையையும் மஞ்சளையும் அவள் நினைவிலிருந்து எடுத்துப் பூசியிருந்தாள்.

துணியை விலக்கினாள்.

"அடேயப்பா, தொட்டா கை நனையும் போல இருக்கே!" என்றார் சித்தப்பா.

"இவ வரைஞ்சா ஓட்டைப் படகும் மிதக்கும்," என்று அண்ணன் சிரித்தான்.

அம்மா கிட்டப் போய்ப் பார்த்தாள். "எல்லாம் சரிதான்டி. மேல கூரையக் காணோமே? நீலத் தகரம்."

"நம்ம படகுக்கு ஏதும்மா கூரை?"

அண்ணி குறுக்கே பாய்ந்தாள். "அத்தைக்கு இப்பல்லாம் ஒண்ணும் ஞாபகத்துல நிக்கறதில்ல."

அம்மா எதையும் பொறுப்பாள், இதை மட்டும் பொறுக்க மாட்டாள். அண்ணியிடம் சீறினாள். "எனக்கா நிக்கல? போன கோடையிலதானே உன் தம்பி போட்டான்? சுக்கான் பிடிக்கிறப்போ வெயில்ல மண்டை பிளக்குதுன்னு புலம்பினானே!"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

தங்கை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. சித்தப்பா தன் கால் நகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"பொம்பளை சுக்கான் பிடிச்சா ஆளுங்க ஏற மாட்டேங்கறாங்க," என்றான் அண்ணன். "நேரா சொன்னா நீ கேக்கற ஆளா?"

"அதுக்குப் படகையே சாகடிச்சிட்டியா?" அவள் அம்மா பக்கம் திரும்பினாள். "நீ அன்னைக்கு அழுதியேம்மா?"

"அழுகை பொய்யில்லடி."

"எங்க கட்டியிருக்கு?"

அண்ணி எழுந்து ஓவியத்தின் மேல் துணியை இழுத்துப் போட்டாள்.

ஓவியத்தை அங்கேயே விட்டுவிட்டு, கூடவே கொண்டுவந்திருந்த பழைய படகு போட்டோவை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் கதவு மூடியது. அந்தக் கதவைக் கொஞ்சம் தூக்கி அழுத்தினால்தான் பூட்டு விழும். அந்தக் கைப்பழக்கம் வீட்டில் அம்மாவுக்கு மட்டும்தான் உண்டு.

முதல் தடவையிலேயே விழுந்தது.