பாலத்துப் பக்கம் வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டில் இரண்டு பேர் உடுப்பு மாட்டுவார்கள். மகள் சீருடை போடுவாள், போக்குவரத்துப் போலீஸ். அப்பா கறுப்புத் தோல் ஜாக்கெட் போடுவார். வாரத்தில் ஆறு நாள் அவர் டைல்ஸ் கடையில் விற்பனையாளர். ஏழாவது நாள் மோட்டார் சைக்கிள் வீரர். வீரர் என்பது அவரே அவருக்குக் கொடுத்துக்கொண்ட பட்டம். முதுகுவலிக்கு பெல்ட் கட்டி, அதன் மேல் ஜாக்கெட்டை இழுத்து ஜிப் போடுவதற்குள் மூச்சு வாங்கும் மனிதருக்கு இந்தப் பட்டத்தை வேறு யார் கொடுப்பார்கள்?

மனைவி இறந்த பிறகு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். காலையில் முட்டை வேகவைப்பதும் டீ போடுவதும் அப்பாவின் வேலை. மகள் கண்ணாடி முன்னால் கொண்டை ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டு நிற்கும்போது, அவர் ஓடு உரித்துக்கொண்டே கேட்பார்.

"இன்னைக்கு எங்கம்மா டியூட்டி?"

"பாலத்துக்கிட்டப்பா."

"அங்க மருந்துக்குக்கூட நிழல் இல்லையே. ரெண்டு பாட்டில் தண்ணி எடுத்துக்கோ."

முதலில் அந்தக் கேள்வியில் கள்ளம் எதுவும் இல்லை. பெண் பிள்ளை வெயிலில் நிற்கிறாளே என்ற கவலைதான். கவலை எந்த ஞாயிற்றுக்கிழமை களவாக மாறியது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. அல்லது தெரியும், சொல்ல மாட்டார்.

ஊரிலிருந்து அணைக்கட்டுக்குப் போக இரண்டே சாலைகள். ஒன்று பாலம் வழியாக, இன்னொன்று ஏரிக்கரை வழியாக. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றில் வேகத்தை அளக்கும் கருவியோடு போலீஸ் நிற்கும். எதில் என்பது அன்றன்றைக்கு மாறும். பைக்குகளில் கூட்டமாகப் பறக்கும் அப்பாவின் நண்பர்களுக்கு உலகத்தில் வேறு பிரச்சினையே கிடையாது. முந்திக்கொண்டு போகிறவன் திரும்பி வருகிறவனைப் பார்ப்பதும், எதிரே வருகிறவன் ஹெல்மெட்டில் கையால் தட்டிக் காட்டினால் சட்டென்று பிரேக் பிடிப்பதும், தாண்டியதும் மறுபடி முறுக்குவதுமாக அவர்கள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் டீக்கடையில் கிளம்பும்போது அப்பா சும்மா சொல்லிவைத்தார். "பாலத்துப் பக்கம் வேண்டாம். எனக்கு என்னமோ மூக்குல வேர்க்குது."

சிரித்தார்கள். ஆனாலும் ஏரிக்கரை வழியாகப் போனார்கள். திரும்பி வந்தபோது, பாலத்தில் வேறொரு கூட்டம் மாட்டிக்கொண்டு வரிசையாக நின்ற கதை தெரிந்தது. அடுத்த வாரமும் அவர் சொன்னபடியே நடந்தது. அதற்கடுத்த வாரத்திலிருந்து அவருக்கு 'மூக்கு' என்று பெயர்.

சொல்லப்போனால் அசிங்கமான பெயர்தான். ஆனால் அந்த மனிதருக்கு அது தேனாக இனித்தது. கடையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இங்க வாங்க, இந்த மாடல்ல சாம்பல் நிறம் இருக்கா?" என்பார்கள். டீக்கடையிலோ, சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருக்கும் பல் டாக்டர் அவர் தோளில் கை போட்டு, "மூக்கு சொல்லட்டும்ப்பா, அப்புறம் வண்டிய எடுப்போம்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தனை பைக்குகளும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இதற்கு ஆசைப்படாதவர் இருந்தால் வரட்டும், நான் கும்பிட்டுக்கொள்கிறேன்.

மகள் போலீஸ் என்பதை அவர்களிடம் அவர் சொன்னதில்லை. அரசாங்க உத்தியோகம் என்று மட்டும் சொல்லியிருந்தார். எப்படிச் சொல்வது? அந்த டீக்கடையில் டிராஃபிக் போலீஸ் என்றால் பிச்சைக்காரன், திருடன், மரத்துக்குப் பின்னால் பதுங்குகிறவன். பெண் போலீஸ் என்றால் அதற்குத் தனியாகச் சிரிப்பு. "மாமா நிக்கிறாருன்னு நெனச்சேன், பாத்தா அத்தை!" என்று பல் டாக்டர் சொல்லும்போதெல்லாம் எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். கொஞ்சம் தாமதமாக, ஆனால் மற்றவர்களுக்குக் கேட்கும்படியாகவே சிரிப்பார்.

வீட்டில் மகளிடம் வேறு கதை. "நாலு பழைய ஆளுங்க, மெதுவா போயி டீ குடிச்சிட்டு வருவோம். எங்க வயசுக்கு இதுதாம்மா வாக்கிங்." அவள் நம்பினாள். அப்பா சொன்னால் நம்பிப் பழகியவள்.

ஒரு புதன்கிழமை மகள் டியூட்டி முடிந்து வந்தவள், ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏட்டய்யாவ டீம்ல இருந்து தூக்கிட்டாங்கப்பா."

ஏட்டய்யா என்பவர் அவளுடன் நிற்கும் மூத்த போலீஸ்காரர். வேலையில் சேர்ந்த புதிதில் லாரிக்காரன் ஒருவன் அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டியபோது, நடுவில் வந்து நின்றவர். அதை அவளே அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். கேட்டுவிட்டு அன்றைக்கு அப்பா கண் கலங்கினார்.

"எதுக்காம்?" என்றார் அப்பா.

"ஞாயித்துக்கிழமை நாங்க எங்க நிக்கிறோமோ, அந்தப் பக்கம் அந்த பைக் கூட்டம் மட்டும் வர்றதே இல்லப்பா. யாரோ முன்கூட்டியே சொல்லிடறாங்களாம். டீம்ல மூணு பேர்தான். இன்ஸ்பெக்டருக்கு ஏட்டய்யா மேல சந்தேகம். காசு வாங்கிட்டுச் சொல்றாருன்னு விசாரணை போட்டுட்டாங்க. ரிட்டயர் ஆகப் போற நேரத்துல! அவரு பெல்ட்டக் கழட்டி மடிச்சு மேஜ மேல வெச்சிட்டுப் போயிட்டாரு."

அப்பாவின் கையில் கரண்டி இருந்தது. குழம்பைக் கிளறினார். அது ஏற்கெனவே கொதித்து இறக்கியாகிவிட்ட குழம்பு.

"அந்தாளு வாங்கியிருந்தாலும் வாங்கியிருப்பாரும்மா, யாரு கண்டா?" என்றார்.

சொன்ன மாத்திரத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. ஒன்றும் செய்யாதவன் தலையில் ஒரு வாளி சேற்றைக் கொட்டியாகிவிட்டது, அதுவும் மகளின் கண்ணெதிரே. அவள் அவரையே பார்த்தாள். பிறகு ஷூவைக் கழற்றினாள்.

அந்த வாரம் அவருக்குச் சரியாகத் தூக்கமில்லை. கடையில் சமையலறை டைல்ஸ் கேட்டவருக்குக் குளியலறை டைல்ஸை எடுத்துக் காட்டினார். இனிமேல் கேட்பதில்லை என்று முடிவு செய்தார். கேட்காவிட்டால் தெரியாது, தெரியாவிட்டால் சொல்ல முடியாது, சொல்லாவிட்டால் எல்லாம் தானாக அடங்கிவிடும், ஏட்டுக்கும் எப்படியாவது நல்லது நடந்துவிடும். இந்த 'எப்படியாவது' என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தவன் கோழையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கேட்கவில்லை. முட்டையை உரித்துத் தட்டில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றார். மகள்தான் கொண்டையைச் செருகிக்கொண்டே சொன்னாள்.

"இன்னைக்கு பாலத்துக்கிட்டப்பா."

"ம்" என்றார். கேட்காமலே சொல்கிறாளே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

டீக்கடைக்குப் போகிற வழியெல்லாம் இன்றைக்கு வாயைத் திறக்கக் கூடாது என்றே வண்டி ஓட்டினார். அங்கே பல் டாக்டர் புதிதாக வந்த இரண்டு பேரை அறிமுகப்படுத்தினார். "இவருதான் நான் சொன்ன மூக்கு. இவரு சொன்னா சொன்னதுதான். மூக்கு, எந்தப் பக்கம்?"

புதியவர்கள் மரியாதையாகப் பார்த்தார்கள். அப்பா டீயை ஒரு வாய் குடித்தார். வானத்தைப் பார்த்தார், ஏதோ அங்கே எழுதியிருக்கிற மாதிரி.

"பாலத்துப் பக்கம் வேண்டாம்" என்றார்.

ஏரிக்கரைச் சாலை அகலமானது, வளைவில்லாதது. முறுக்கினார்கள். புதியவர்களுக்குக் காட்ட வேண்டுமென்று அப்பாதான் முன்னால் போனார். புளியமரம் தாண்டியதும் சாலையின் நடுவே தடுப்பு. பக்கத்தில் ஜீப். ஓரத்தில் கருவியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தபடி மகள்.

திரும்பி ஓட வழியில்லை, பின்னால் இன்னொரு தடுப்பை இழுத்துவிட்டார்கள். எல்லாப் பைக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓரங்கட்டின.

"என்ன மூக்கு, சளி புடிச்சிருக்கா?" என்றார் ஒருவர். சிரித்தார்கள். அப்பா ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கறுப்புக் கண்ணாடியையும் தூக்கவில்லை. ஆனால் அந்த வண்டியை அவளுக்குத் தெரியாதா? ஜாக்கெட்டில் தோள் பக்கம் பிய்ந்ததைத் தைத்துக் கொடுத்ததே அவள்தான்.

கருவியை இறக்கினாள். முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். எது நடக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாளோ, அது கண்ணெதிரே வந்து நின்றுவிட்டதைப் பார்க்கும் முகம் அது. பிறகு நடந்து வந்தாள்.

"லைசென்ஸ் குடுங்க சார்."

கொடுத்தார். அவள் படித்துப் பார்ப்பதுபோல் பார்த்து, சீட்டு அடித்துக் கொடுத்தாள். "கையெழுத்துப் போடுங்க சார்." போட்டார். அந்த 'சார்' ஒவ்வொன்றும் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

"அத்தை, எனக்குக் கொஞ்சம் கொறச்சிப் போடுங்க" என்றார் பல் டாக்டர் பின்னாலிருந்து. "இல்ல, தனியா ஏதாவது கவனிக்கணும்னா சொல்லுங்க, கவனிச்சிடலாம்." மறுபடி சிரிப்பு. அப்பா இந்தத் தடவை சிரிக்கவில்லை. வேறு எதுவும் செய்யவுமில்லை.

ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் இறங்கி வந்தார். வரிசையைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியாம்மா? நான் என்ன சொன்னேன்? அந்த ஏட்டு இல்லாத மொத ஞாயித்துக்கிழமை. மொத்தக் கூட்டமும் வந்து வலைல விழுந்திருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? நாளைக்கே எழுதி அனுப்பறேன், வீட்டுக்குப் போகட்டும்."

இப்போது பேச வேண்டியது அப்பாதான். 'ஏட்டு இல்லை சார்' என்று மூன்றே வார்த்தை. அவர் பேசினால் ஏட்டு பிழைப்பார். ஆனால் இடத்தை வெளியே விட்டவள் என்று மகள் மாட்டுவாள். அதனால்தான் பேசாமல் நிற்கிறேன் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பொய். பல் டாக்டர் முன்னால் ஹெல்மெட்டைக் கழற்றத் தைரியமில்லாமல்தான் நின்றார்.

மகள் அவர் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். காத்திருந்தாள். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டய்யா இல்ல சார். என்னாலதான்."

"என்னது?"

"எங்க நிக்கிறோம்னு ஒவ்வொரு வாரமும் வீட்டுல எங்கப்பாகிட்ட சொல்லுவேன் சார். அங்க இருந்துதான் வெளிய போயிருக்கு. இன்னைக்கு வேணும்னே பாலம்னு பொய் சொன்னேன். இவங்க இந்தப் பக்கம் வந்துட்டாங்க."

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றது. "என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா? உன் வேலைக்கே ஆபத்தும்மா."

"தெரியும் சார். ஏட்டய்யா ஒரு டீகூட யார்கிட்டயும் வாங்கிக் குடிக்க மாட்டாரு சார்."

"எங்க உங்கப்பா? கூப்பிடு அந்த மனுஷன."

அப்பா கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"வீட்டுல இருக்காரு சார்" என்றாள். "அவருக்கு ஒண்ணும் தெரியாது சார். வெகுளி. யார்கிட்டயாவது பேச்சுவாக்குல சொல்லியிருப்பாரு."

பல் டாக்டர் அப்பாவின் தோளில் கை போட்டுக் காதருகே குனிந்தார். குரலில் கேலி இல்லை. "அடப்பாவி. பெத்த பொண்ணோட சோத்துலயே மண்ணப் போட்டிருக்கானே. அவன்லாம் ஒரு அப்பனா, மூக்கு?"

அப்பா ஹெல்மெட்டுக்குள் என்னவோ சொன்னார்.

"என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர். "யாருய்யா அது? கழட்டிட்டுப் பேசு."

ஹெல்மெட் வாரின் கொக்கி விரலுக்கு அகப்படவில்லை. இழுத்தார், மறுபடி இழுத்தார். கழன்று வந்தபோது முகமெல்லாம் வியர்த்திருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டாவது தடவை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

"வீட்டுல இல்ல சார். இங்கதான் இருக்கேன். நான்தான் இவங்களுக்கெல்லாம் சொன்னேன். தெரிஞ்சுதான் சொன்னேன்."

பல் டாக்டரின் கை அவர் தோளிலிருந்து மெதுவாக விலகியது. இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு மகளிடம் திரும்பினார்.

"இவராம்மா?"

"ஆமா சார்" என்றாள். "எங்கப்பா."

பள்ளிக்கூட வாசலில், ஆஸ்பத்திரியில், போலீஸ் பயிற்சி முடிந்த அன்றைக்கு மைதானத்தில், எத்தனையோ பேரிடம் அவரைக் கைகாட்டி அவள் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னது இதுதான் முதல் தடவை.