கதவில் சாய்ந்த விளக்குமாறு

கல்லியோவாரா ஊராட்சியில் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. பின்லாந்தின் வடகோடியில், சதுப்பும் பைன் காடுமாக, வண்டியை ஓட்டிக்கொண்டே போனாலும் தீராத இடம் அது. மனிதரைவிடப் பனிமான்கள் அதிகம். அங்கே யாரும் கதவைப் பூட்டுவதில்லை. வெளியே போகிறவர்கள் விளக்குமாற்றைக் கதவின் குறுக்கே சாய்த்துவிட்டுப் போவார்கள். வீட்டில் ஆளில்லை என்று அர்த்தம். பிறர் வீட்டு விளக்குமாற்றை எடுத்து ஓரமாக வைக்கும் துணிச்சல் அந்த ஊர்த் திருடனுக்குக்கூடக் கிடையாது.

ஆர்வி ஊராட்சியின் சாப்பாட்டு வண்டி ஓட்டுகிறவன். தலை நரைத்தவன், மனைவியை இழந்தபின் தனிக்கட்டை. தனியாக வாழும் முதியவர்களுக்குச் சூடான சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவான். சாய்மியின் வீடு பாதையின் கடைசியில் இருந்தது. அந்தக் கிழவி அடுப்பங்கரையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஒரு இரவு முழுவதும் தரையிலேயே கிடந்தாள் என்ற செய்தி அவனுக்குக் கடையில் வைத்துத்தான் தெரிந்தது.

"காலையில செவிலிப் பொண்ணு போய்ப் பாக்கலைன்னா, இந்நேரம் சவப்பெட்டிக்கு அளவெடுத்திருப்பாங்க" என்றாள் கடைக்காரி கெர்த்து. பிறகு மாவு வாங்க வந்திருந்த ரைலியின் பக்கம் திரும்பினாள். ரைலி, சாய்மிக்கு அடுத்த வீட்டுக்காரி. "முந்தின நாள் சாயங்காலம் நீ அங்க போனியாமே. கூரையில புகை வந்துச்சே, உன் கண்ணுல என்ன பனியா விழுந்துச்சு?"

"புகையைப் பாத்தேன் அக்கா. ஆனா கதவுல விளக்குமாறு சாய்ஞ்சிருந்துச்சு. அவங்க மகன் வந்து கூட்டிட்டுப் போயிருப்பான்னு நெனச்சு ரொட்டியோட திரும்பிட்டேன்."

"செவிலி போனப்ப விளக்குமாறே இல்லையாம்."

"ராத்திரி பெஞ்ச பனியில சரிஞ்சு விழுந்திருக்கும்."

"இடுப்பொடிஞ்ச கிழவி வெளிய வந்து சாய்ச்சுட்டு மறுபடி உள்ள போய்ப் படுத்தாளாக்கும்?"

"காத்து சாய்ச்சிருக்கும் விடு" என்றார் ஓரமாகக் காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்.

"காத்தா?" என்றாள் கெர்த்து. "அன்னிக்குப் புகை நெட்டுக்குத்தா நின்னுச்சு. சோம்பேறித்தனம் பண்ணிட்டு வாய்க்கு வந்ததச் சொல்றா."

ரைலி மாவை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

ஆர்வியின் கையில் காபிக் கோப்பை அப்படியே நின்றது. அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அன்று காலை சாப்பாடு கொடுத்துவிட்டு வரும்போது, கிழவி வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று படியிலிருந்த பனியைப் பெருக்கினான். பெருக்கிவிட்டுக் கதவைச் சாத்தி விளக்குமாற்றைச் சாய்த்தான். தினமும் தன்னுடைய வெறும் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது செய்வதைக் கை தானாகச் செய்துவிட்டது. நல்லது செய்யப் போன கைதான்.

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு. ஆனால் 'ஆர்வி வந்தால்தான் விடியும்' என்று சொல்லும் கிழவர்களின் முகமெல்லாம் கண்முன் வந்தது. மீதிக் காபியைக் குடித்துவிட்டு வண்டிக்குப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஜெப வீட்டில் ரைலி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பாட்டுப் பாடும்போது அவள் வாய் அசையவில்லை. ஒருவர் தோளை ஒருவர் தழுவி மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் நேரம் வந்தபோது ஆர்வி குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். அது ஏற்கெனவே இறுகக் கட்டியிருந்தது. கடவுளுக்கு முன்னால் இருந்துகொண்டு கயிறு கட்டுகிறேனே என்று அவனுக்கே கூசியது. கூட்டம் முடிந்ததும் நேரே மருத்துவமனைக்கு வண்டியை விட்டான்.

"என்னடா, சாப்பாடு கொண்டாந்தியா?" என்றாள் சாய்மி. "இங்க குடுக்குற கஞ்சிய பனிமான்கூட மோந்து பாக்காது."

ஆர்வி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கினான். "அக்கா, அன்னிக்கு உங்க கதவுல விளக்குமாறு..."

"ஆமா, நீ கெளம்புறப்ப டொக்குன்னு சத்தம் கேட்டுச்சு. பைத்தியக்காரன், உசுரோட இருக்குறவள ஊர்ல இல்லாதவளாக்கிட்டுப் போறான்னு சிரிச்சேன். அதுக்கப்புறந்தானே விழுந்தேன்."

"அத நம்பித்தான் ரைலி திரும்பிப் போயிட்டா. ஊரே அவளப் பொய்க்காரின்னு பேசுது. நான் வாயத் தொறக்கல."

கிழவியின் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது. "அந்தப் புள்ள வந்துச்சா? ஏதோ வண்டிச் சத்தம் கேட்டு, எவ்வளவு கூப்பிட்டேன் தெரியுமா? கனவுன்னுல்ல நெனச்சேன்." பிறகு மெலிந்த கையை நீட்டி அவன் பிடரியில் வைத்தாள். "இயேசுவோட நாமத்துல மன்னிச்சாச்சு. எனக்கு அவ்வளவுதான். ஆனா இங்க வந்து ஏன்டா உக்காந்திருக்க? அவகிட்டப் போடா."

ரைலியின் வீட்டை அவன் அடைந்தபோது, காட்டின் மேல் சாயங்கால வானம் கருநீலமாகிக் கொண்டிருந்தது. கூரையிலிருந்து புகை நேராக எழுந்தது. சன்னலில் விளக்கு எரிந்தது. கதவின் குறுக்கே விளக்குமாறு சாய்ந்திருந்தது.

ஆர்வி படியருகே நின்றான். ஆள் இருக்கிறாள், ஆனால் ஆளில்லை என்று சொல்லி வைத்திருக்கிறாள். திரும்பிப் போனால் யாரும் குறை சொல்ல முடியாது. ஊர் வழக்கமே அதுதான். இன்னொரு நாள் வரலாமே என்று ஒரு குரல் மெதுவாகச் சொல்லிற்று. அன்று ரைலிக்கும் இதே புகைதான் தெரிந்திருக்கும், இதே விளக்குமாறுதான் தடுத்திருக்கும்.

வாழ்நாளில் முதல்முறையாகப் பிறத்தியார் வீட்டு விளக்குமாற்றை எடுத்துச் சுவரோரம் நிறுத்தினான். கதவைத் தட்டினான்.

"ஆளில்ல!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கதவுல இருக்குறது தெரியலையா?"

"தெரியுது தங்கச்சி. ஆர்வி வந்திருக்கேன். அதப் பத்திப் பேசத்தான் வந்தேன்." "சாய்மியக்கா கதவுல அன்னிக்குச் சாய்ச்சது நான்தான். நீ பாத்தது நெசம். நாளைக்குக் கடையில எல்லார் முன்னாலயும் சொல்லப்போறேன். அதுக்கு முன்னாடி உங்கிட்டச் சொல்லணும்."

உள்ளே அடுப்பில் விறகு வெடிப்பது கேட்டது. பிறகு கதவு கொஞ்சமாகத் திறந்தது. அழுது வீங்கிய கண்களோடு ரைலி அவனைப் பார்த்தாள்; சுவரோரம் நின்ற விளக்குமாற்றைப் பார்த்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவள் பார்வை அவன் கைகளில் வந்து நின்றது.

"கையுறை எங்கண்ணே?"

அதை மருத்துவமனையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. விரல்கள் வெளுத்திருந்தன.

"உள்ள வந்து அடுப்புகிட்ட உக்காருங்க" என்றாள் ரைலி. "எனக்குக் கோவம் இன்னும் போகல. அதுக்காகக் கைய மரத்துப்போக விடமுடியுமா?"