புன்னை மரத்து நாடாக்குருவி

உலகம்மை அந்தக் குருவியைக் கண்டது ஐப்பசி மாதத்துக் காலை ஒன்றில், வெறும் மூன்று விநாடிதான். புறவாசல் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றவளின் தலைக்கு மேலே, புன்னை மரத்திலிருந்து ஏதோ வெள்ளையாக நழுவிப் போயிற்று. உடம்பு கொண்டைக்குருவி அளவுதான். தலை கன்னங்கரேல் என்று இருந்தது. வாலோ ஒரு முழம். இரண்டு வெள்ளை நாடாக்களைக் கட்டித் தொங்கவிட்டது போலக் காற்றில் நெளிந்தது. கையிலிருந்த கயிறு நழுவி வாளியோடு கிணற்றுக்குள் போனது. போகட்டும் என்று அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

அவள் கணவர் தெய்வநாயகம் பிள்ளை நாகர்கோவில் அஞ்சலாபீசில் குமாஸ்தா. முத்திரை தெளிவாக விழாத கடிதத்தைக் கடிதம் என்றே ஒத்துக்கொள்ளாத மனிதர். விஷயத்தைக் கேட்டதும், கொக்காயிருக்கும் என்றார். கொக்குக்குக் கருப்புத் தலை உண்டுமா என்று இவள் கேட்டாள். தூங்கி எழுந்ததும் கண்ணைக் கழுவிவிட்டுப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். பக்கத்துவீட்டுச் சண்முகவடிவிடம் சொன்னதுதான் தப்பு. அந்தி சாய்வதற்குள், உங்க வீட்டு நாடாக்குருவி சௌக்கியமா என்று தெருவே விசாரிக்க ஆரம்பித்துவிட்டது. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, நாற்பது வயதுக்கு மேல் ஒருத்தி குருவி பார்க்க நின்றால் ஊர் சும்மா இருக்குமா? உலகம்மைக்கு அவமானத்தை விட ஆத்திரம்தான் அதிகம். கண்ணால் கண்டதைக் காணவில்லை என்று எப்படிச் சொல்வது?

மார்கழிக் கடைசியில் பிள்ளை ஒரு முடிவோடு வந்தார். மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்தால் வைக்கோல் படப்பு போட இடம் வேண்டும். புறவாசல் புன்னையையும் அதைச் சுற்றியுள்ள செடிகொடியையும் வெட்டிவிடலாம். மரம் வெட்டும் ததேயுஸிடம் நாளும் குறித்துக் கொடுத்தாயிற்று, தை அமாவாசைக்கு மறுநாள்.

உலகம்மை அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். அதில்தான் அந்தக் குருவி வரும் என்றாள். பிள்ளை சிரித்தார். பிறகு, கெஞ்சி வந்தவர்களுக்கு அஞ்சல் தலை ஒன்று கடன் கொடுக்கிற தோரணையில் சொன்னார்.

"என் கண்ணுல ஒருதரம் காட்டிரு. மரத்துல கைவைக்க மாட்டேன். அமாவாசை வரைக்கும் உனக்குத் தவணை."

அன்று மத்தியானமே வேலை தொடங்கிவிட்டது. உடைந்து கிடந்த ஆட்டுரலைப் புன்னைக்கு அடியில் உருட்டிக்கொண்டு வந்தாள். அதன் குழியில் பாதிக்குக் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் நிறைத்தாள். மண்கலயம் ஒன்றின் அடியில் துளை போட்டு, கிழிந்த துணியைத் திரித்துச் சொருகி, மரக்கிளையில் தொங்கவிட்டாள். சொட்டு, சொட்டு என்று உரல்குழியில் தண்ணீர் விழுந்தது. அடுக்களைக் கதவை ஒரு விரல்கடை திறந்து வைத்து, அதன் வழியே ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் குழம்பு தீய்ந்தது.

முதலில் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு வந்து சந்தைக்கடை போட்டன. மூன்றாம் நாள் மாங்குயில், மஞ்சளைக் கரைத்து ஊற்றிய மாதிரி. தேன்சிட்டு ஒன்று விழுகிற சொட்டுக்கு நேரே சிறகடித்துக்கொண்டு நின்று குடித்தது. உலகம்மைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தினமும் பிள்ளை வீடு திரும்பியதும் அன்றைய வரவுகளை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். நாடா எங்கே என்பார் அவர்.

நாடா வராததற்குக் காரணம் காக்கைகள். சாப்பிடும் முன் ஒரு பிடி சோறு காக்கைக்குப் புறவாசல் மதிலில் வைப்பது, மாமனார் அய்யம்பெருமாள் பிள்ளை காலத்திலிருந்து அந்த வீட்டு வழக்கம். சோற்றுக்கு வந்த காக்கைகள் உரலையும் சொந்தமாக்கிக்கொண்டன. எங்கிருந்தோ திருடிய தோசைத் துண்டுகளை அதில் ஊறப்போட்டன. சிறுகுருவி எது வந்தாலும் துரத்தியடித்தன. இரண்டு நாள் பொறுத்த உலகம்மை, மூன்றாம் நாள் சோற்றைத் தெருவழியே கொண்டுபோய்க் குளத்துப் படித்துறையில் வைத்தாள். வழக்கம் தவறவில்லை, இடம்தானே மாறியது என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். பத்தே நாளில் காக்கைகள் பாடம் படித்துவிட்டன. புறவாசல் பக்கம் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. ஆபீசிலிருந்த பிள்ளைக்கு இது எதுவும் தெரியாது.

தை அமாவாசை வந்தது. பிள்ளை லீவு போட்டிருந்தார். தகப்பனாருக்குத் தர்ப்பணம் முடித்து, பதினோரு மணிக்கே இலையில் சோறும் பருப்பும் வடையும் பாயசமும் எடுத்துக்கொண்டுபோய்ப் புறவாசல் மதிலில் வைத்தார். காக்கை வாய்வைத்த பிறகுதான் வீட்டில் இலை விழும். கைதட்டி, கா கா என்று அழைத்தார்.

ஒரு காக்கையும் வரவில்லை.

பன்னிரண்டாயிற்று. இரண்டாயிற்று. பிள்ளைக்குத் தொண்டை கட்டிவிட்டது. குளத்தங்கரைப் பக்கம் காக்கைகளின் இரைச்சல் கேட்டது. இலையை அங்கே கொண்டுபோகலாமே என்று உலகம்மை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அப்பா வருவது இந்த மதிலுக்குத்தான் என்று அவர் நகர மறுத்துவிட்டார். மூன்று மணிக்கு அவர் குரலில் அதிகாரமெல்லாம் வடிந்து போயிருந்தது.

"அப்பாவுக்கு எம்மேல கோவம், உலகம்மை. இது அவரு நட்ட மரமில்லா? வெட்டாதேன்னு சொல்லுகாரு."

உலகம்மை சட்டென்று நிமிர்ந்தாள். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும், மரம் பிழைத்துவிடும். குருவியும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தாள். பசியில் உதடு காய்ந்து, அறுபதை நெருங்கும் மனிதர் சின்னப்பிள்ளை மாதிரி கலங்கிப்போய் நின்றார். அந்த முகத்திடம் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"மாமாவுக்குக் கோவம் ஒண்ணுமில்ல. காக்காய நாந்தான் வரவிடாமப் பண்ணினேன். மூணு வாரமாச் சோத்தக் குளத்தங்கரையில கொண்டு வச்சேன். குருவி வரட்டும்னு."

பிள்ளைக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"ஒரு குருவிக்காக எங்க அப்பனப் பட்டினி போட்டியா நீ?"

இன்னும் என்னென்னவோ சொல்ல வாயைத் திறந்தவர், திறந்தபடியே நின்றுவிட்டார். உலகம்மை திரும்பிப் பார்த்தாள்.

உரலுக்கு மேலே தாழ்ந்த கிளையில் அது உட்கார்ந்திருந்தது. கரிய தலை, பால்வெள்ளை உடம்பு, கீழே தொங்கும் இரண்டு நாடா. தலையைச் சாய்த்துத் தண்ணீரைப் பார்த்தது. சட்டென்று பாய்ந்து, சளக்கென்று முங்கி, அதே வேகத்தில் கிளைக்கு ஏறியது. நாடாக்கள் அதன் பின்னால் வளைந்து வளைந்து போயின. மறுபடி பாய்ந்தது. மறுபடி ஏறியது. உலகம்மைக்குக் கத்தவேண்டும் போல, அழவேண்டும் போல இருந்தது. சேலைத்தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். பிள்ளை இமைக்கவே இல்லை.

அப்போது மதிலில் வந்து இறங்கியது ஒரு காக்கை. பக்கவாட்டில் தத்தித் தத்தி இலையை நெருங்கிக் கரைந்தது. கிளையிலிருந்த குருவி திடுக்கிட்டுத் தலையைத் தூக்கியது. தெய்வநாயகம் பிள்ளை குருவியிடமிருந்து கண்ணை எடுக்காமலே தோள்துண்டை உருவி, மதிலைப் பார்த்து ஒரு வீசு வீசினார்.

"சூ. அங்க போ."

காக்கை பறந்துவிட்டது. குருவி இன்னும் இரண்டு முறை குளித்துவிட்டு, சிறகை உதறி, சாவகாசமாக மரத்துக்குள் போயிற்று.

பிள்ளை மெதுவாகத் திரும்பி இலையைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த துண்டைப் பார்த்தார்.

"வந்தது காக்காயா?"

"ஆமா."

"நாந்தான் விரட்டினேனா?"

"ஆமா," என்றாள் உலகம்மை. சிரிப்பை அடக்கியதில் அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. "மாமா வருவாரு. அவரு நட்ட மரந்தானே, குருவி குளிக்கட்டும்னு ஒதுங்கியிருப்பாரு."

சொன்னபடியே கால்மணி நேரத்தில் காக்கை இன்னும் இரண்டைக் கூட்டிக்கொண்டு வந்து இலையைக் காலிசெய்தது. அன்று அந்த வீட்டில் மத்தியானச் சாப்பாடு நாலரை மணிக்கு. பிள்ளை தம் மணையை அடுக்களைக் கதவோரம் இழுத்துப் போட்டு, வெளியே பார்த்தபடி சாப்பிட்டார். பாயசம் ஆறிப்போனது கூட அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை ததேயுஸ் கோடாலியும் கயிறுமாகப் புறவாசலில் வந்து நின்று, உரத்த குரலில் கூப்பிட்டான். தெய்வநாயகம் பிள்ளை பல்குச்சியும் வாயுமாக ஓடிப்போய், அவன் வாயைப் பொத்தினார்.

"மிண்டாதே," என்றார் அடிக்குரலில். "குளிச்சுக்கிட்டு இருக்கு."