நூற்றுப் பன்னிரண்டு கிலோ தானம்

பஸ் ஓட்டுநருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கையெழுத்து. அதுவும் கட்டிய மனைவியின் கையெழுத்து. அவளோ பிடித்த பிடியை விடுகிற ஆளா?

அவருக்குக் குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டரம்மா, யாரோ தானம் கொடுத்த உடம்பில்தான் தொழில் படித்தேன் என்று பேச்சுவாக்கில் சொல்லி வைத்தார். அன்றிலிருந்து மனிதர், செத்தபின் தன் உடம்பையும் கொடுத்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். வீட்டார் சம்மதம் இல்லாமல் விண்ணப்பம் செல்லாதாம்.

ஆறு மாதமாகியும் அவள் மசியவில்லை. "வயசுப் பொண்ணுங்க முன்னாடி துணியில்லாம படுத்துக் கிடப்பீங்களா?" என்றாள்.

"செத்தவனுக்கு என்ன வெக்கம்?"

"உங்களுக்கு இல்ல. எனக்கு இருக்கே."

கடைசியில், நேரில் வந்து விசாரித்துவிட்டு வேண்டாமென்று சொல் என்று கெஞ்சிக் கூத்தாடி, அவளை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போனார். நாலு கேள்வி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்கலாம் என்றுதான் அவளும் கிளம்பினாள்.

உடற்கூறுத் துறைக் குமாஸ்தா ஓட்டுநரை மேலும் கீழும் பார்த்தார். "எடை எவ்வளவு?"

"நூத்திப் பன்னெண்டு."

குமாஸ்தா பேனாவை மூடி மேஜையில் வைத்தார். "பதிஞ்சுக்கலாம். ஆனா அந்த நேரத்துல இதே எடை இருந்தா எடுத்துக்க மாட்டோம். தூக்கிப் பதப்படுத்துறது கஷ்டம். வேண்டாம்னு திருப்பி அனுப்பிடுவோம்."

ஓட்டுநரின் முகம் தொங்கிப்போயிற்று. சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார்களே, இதைவிடக் கேவலம் உண்டா! போகலாம் என்று எழுந்தார். மனைவி எழவில்லை.

"யாரை வேண்டாங்கறீங்க?" என்று குமாஸ்தாவைக் கேட்டாள். "முப்பது வருஷமா நான் ஆக்கிப் போட்டு வளத்த உடம்பு இது. இவரை வேண்டாம்னு சொல்ற உரிமை எனக்கு மட்டும்தான் இருக்கு. நானே ஒருநாளும் சொன்னதில்ல."

அம்மாடி, இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து இப்படியொரு வார்த்தையை அவர் கேட்டதே இல்லை. கண் கலங்கிவிட்டது. சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தை மும்முரமாகப் பார்த்தார்.

"எவ்வளவு குறையணும்?" என்றாள் அவள்.

"ஒரு முப்பது கிலோ குறைஞ்சா நல்லதும்மா."

பேனாவை எடுத்து விண்ணப்பத்தில் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "நாளையிலேர்ந்து ராத்திரி பாதிச் சாப்பாடுதான். விடிஞ்சா ஒரு மணி நேரம் நடக்கணும்."

குமாஸ்தா சிரித்துவிட்டார். "அப்படி இருந்தா இவரு இன்னும் இருபது முப்பது வருஷம் கல்லு மாதிரி இருப்பாரே. எங்களுக்கு எப்பக் கிடைக்கிறது?"

"என்ன அவசரம்?" என்றாள் அவள், விண்ணப்பத்தை அவர் பக்கம் தள்ளியபடி. "காத்திருங்க."