தீப்பெட்டி உயரம்

காலை ஏழு பத்துக்கு லிஃப்ட் எங்கள் மூன்றாம் மாடியில் வந்து நின்றது. கதவு திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது, மறுபடி மூடியது. எங்கள் வீடு லிஃப்டுக்கு நேர் எதிர். வாசல் கதவில் ஒரு கண்ணாடித் துளை உண்டு. திருடன் வந்தால் பார்க்கலாம் என்று சொல்லித்தான் தச்சன் அதைப் பொருத்தினான். ஹைதராபாத் கொண்டாப்பூருக்குக் குடிவந்து இரண்டு வருஷமாக ஒரு திருடனும் வரவில்லை. அதற்காக நல்ல துளையை வீணடிக்க முடியுமா? கண்ணை வைத்துப் பார்த்தேன். கடைசி வீட்டுத் தாரிணி வீல்சேரோடு லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முன் சக்கரம் இரண்டும் லிஃப்டின் விளிம்பில் முட்டி நின்றன. பின்னால் வந்து மறுபடி போனாள். மறுபடி முட்டியது.

தாரிணிக்கு இருபத்திரண்டு வயசு. சின்ன வயசிலிருந்தே கால் இரண்டும் வராது. அந்த ஜூன் மாதம்தான் ஹைடெக் சிட்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தாள். அது 2009. வேலையில் இருந்தவர்களே அட்டைப்பெட்டியில் சாமான்களைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்த வருஷம். அப்போது ஒரு பெண்ணுக்குப் புதிதாக வேலை கிடைத்தால் நான் விசாரிக்காமல் இருப்பேனா? கம்பெனி கார் ஏழேகாலுக்கு கேட்டுக்கு வரும், ஐந்து நிமிஷம் நிற்கும், மூன்று தடவை தவறவிட்டால் கார் கிடையாது என்பது வரைக்கும் வாட்ச்மேனிடம் கேட்டுவைத்திருந்தேன். வீல்சேரை மடித்து ஏற்ற எந்த ஆட்டோவிலும் இடமில்லை. கார் போனால் வேலையும் போன மாதிரிதான். அவள் அம்மா வசந்தி லிஃப்ட் வரைக்கும்கூட வந்து வழியனுப்புவதில்லை. "கோயம்புத்தூர்க்காரிக்கு என்ன நெஞ்சழுத்தம் பாத்தியா" என்று முதல் மாடி, இரண்டாம் மாடி, ஐந்தாம் மாடி மூன்றுக்கும் நான்தான் சொல்லியிருந்தேன். நாலாம் மாடியில் அன்றைக்கு ஆள் இல்லை.

கையில் அகப்பட்ட குப்பைப் பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். பையில் இரண்டு வாழைப்பழத் தோல்தான் இருந்தது. லிஃப்ட், தரைக்கு ஒரு விரல் தடிமன் மேலே நின்றிருந்தது. நடக்கிறவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. நானே எத்தனை தடவை ஏறியிருப்பேன், பார்த்ததில்லை. சேரைப் பின்னால் கொஞ்சம் சாய்த்து ஒரு தள்ளு தள்ளினேன். உள்ளே போய்விட்டாள்.

"தேங்க்ஸ் ஆன்ட்டி. அம்மாக்கு மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ். தனியா போக முடியலன்னு தெரிஞ்சா, வேலையே வேணாம்னுடுவாங்க. ஆல்ரெடி ரெண்டு தடவை கார் மிஸ் ஆயிடுச்சு."

"ஏம்மா, யார்கிட்ட சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரியும் ஆன்ட்டி. எல்லாருக்கும் தெரியும்" என்று சிரித்தாள். கதவு மூடிக்கொண்டது.

ஐம்பத்தாறு வயசில் என்னை நம்பி ஒருத்தி ரகசியம் சொன்னது அதுதான் முதல் தடவை. மற்றவர்கள் என்னிடம் சொல்வதெல்லாம் ஊருக்குப் போய்ச் சேரட்டும் என்று சொல்வது. அன்று பகல் முழுக்க அது வாயில் சுடு சாதம் மாதிரி கிடந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

பத்து நாள் தினமும் ஏழு பத்துக்குக் குப்பை கொட்டினேன். வீட்டில் நானும் அவரும் மட்டும்தான். குப்பை போதவில்லை. பழைய பேப்பரைக் கசக்கிப் பையில் போட்டேன். "உங்க வீட்ல மட்டும் எப்படி ஆன்ட்டி டெய்லி இவ்ளோ குப்பை?" என்றாள் அந்தக் குறும்புக்காரி. "உங்க அங்கிளுக்கு பாலாநகர் ஏரோப்ளேன் தொழிற்சாலைல முப்பத்திநாலு வருஷ சர்வீஸ்மா, குப்பைக்குக் குறைவா?" என்றேன். சாமி அலமாரித் தீப்பெட்டியை எடுத்துப்போய் விளிம்பில் படுக்கவைத்துப் பார்த்தேன். முதல் நாள் பெட்டியும் லிஃப்டும் சமமாக இருந்தன. பத்தாம் நாள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பெட்டி வைக்க வேண்டியிருந்தது. என் தோளும் வலிக்கத் தொடங்கியது.

அப்போதுதான் அசோசியேஷன் நோட்டீஸ் வந்தது. ஞாயிறு மதியம் கீழே கார் நிறுத்துகிற செல்லாரில் மீட்டிங். பொருள்: லிஃப்டுக்கு மாதாமாதம் மெக்கானிக் தேவையா? செக்ரட்டரி பாலா கம்ப்யூட்டர்காரன், நல்ல பையன். ஆனால் எதைச் சொன்னாலும் படம் போட்டுத்தான் சொல்வான். அவன் மனைவியிடம் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கும் படம் போடுவான் என்று நான் சொல்லிவைத்திருந்தேன்.

ஞாயிறு காலை உட்கார்ந்து காலில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டேன். எங்கள் வீட்டுக்காரர் சந்திரசேகரன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். மாதத்தின் கடைசி ஞாயிறு என்பதால் எல்லாக் கதவுக் கீலுக்கும் எண்ணெய் விட்டுவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். கீச்சிடுகிற கீலுக்கும் உண்டு, கீச்சிடாத கீலுக்கும் உண்டு.

"என்னாச்சு விஜி?"

"இன்னும் ஒண்ணும் ஆகலை. மத்தியானம் மீட்டிங்ல ஆகும்."

அவர் பேப்பருக்குத் திரும்பினார். முப்பத்திரண்டு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவர்.

செல்லாரில் கார்களை நகர்த்தி, தூணுக்குத் தூண் போர்வை கட்டி, அதில் பாலா படம் காட்டினான். போன வருஷம் மெக்கானிக் வந்தது பன்னிரண்டு தடவை. லிஃப்ட் நின்றது இரண்டே தடவை. ஆகவே மற்றதெல்லாம் வெட்டி வருகை. இனி நின்றால் கூப்பிடுவோம், அதுவரை ஓடட்டும். தெலுங்கிலும் இந்தியிலும் ஆமோதிப்பு எழுந்தது. எங்கள் வீட்டுக்காரர் எழுந்து, மாதாமாதம் பார்த்தே ஆகணும், பாலாநகரில் அப்படித்தான் என்றார்.

"சார், அது ஏரோப்ளேன் சமாச்சாரம். இது லிஃப்ட் சார், மேல கீழ மட்டும்தான் போகும்" என்றான் பாலா. எல்லோரும் சிரித்தார்கள். கைகளைத் தூக்க ஆரம்பித்தார்கள். இரண்டாம் வரிசையில் வசந்தி மடியில் கையைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் இருக்கும்போது தாரிணி பெயரை எடுக்க முடியாது. எடுக்காவிட்டால், இரண்டு தீப்பெட்டியோ நாலு தீப்பெட்டியோ, பாலாவின் போர்வையில் லிஃப்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

எழுந்து நொண்டிக்கொண்டே முன்னால் போனேன். "பாலா, லிஃப்ட் நின்னது ரெண்டு தடவை. நான் தடுக்கி விழுந்தது உங்க படத்துல எங்கே வருது?"

"ஐயோ, எப்ப ஆன்ட்டி?"

"முந்தாநேத்து. மேலே தூக்கிட்டு நிக்குது லிஃப்ட். ஓடுது, ஹவ், ஆமா, யாரு இல்லேன்னாங்க? என் கால் ஓடலையே!"

பாலா சந்தேகமாக இவரைப் பார்த்தான். இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நான்தான் கட்டுப் போட்டுவிட்டேன்" என்றார். டீக்குச் சர்க்கரை போட்டாயா என்று கேட்டால்கூட யோசித்து உண்மையைச் சொல்கிறவர். அந்த ஒரு பொய்க்காகவே மனசுக்குள் அவருக்குக் கும்பிடு போட்டேன். எண்ணெய் விட்ட கீல்களையெல்லாம் மன்னித்தேன்.

அப்புறம் என் தயவு தேவைப்படவில்லை. ஐந்தாம் மாடிப் பெண்ணின் குழந்தை வண்டி முட்டியிருக்கிறது. கேஸ் சிலிண்டர்க்காரர் தினமும் திட்டிக்கொண்டே உருட்டியிருக்கிறார். லிஃப்ட் ஓடுகிறதே என்று அதுவரை யாரும் வாயைத் திறக்கவில்லை. பாலா கம்ப்யூட்டரை மூடிவைத்தான். நான் அவனைப் பற்றி என்னவெல்லாமோ சொல்லியிருக்கிறேன். ஆனால் முப்பது பேர் முன்னால் தன் படம் தப்பு என்று ஒப்புக்கொண்டு உடனே போனை எடுக்கிற செக்ரட்டரியை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

மெக்கானிக் ஜேம்ஸ் ஒரு மணி நேரத்தில் வந்தார். பொல்லாரத்துக்காரர், எங்களைப் போலப் பழைய சிகந்தராபாத் தமிழ். மேலே மிஷின் ரூமில் பிரித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "பிரேக் லைனிங் தேஞ்சுபோச்சு மேடம். நிறுத்தினா நிக்காம கொஞ்சம் மேலே போவுது. இன்னும் விட்டிருந்தா நக்கோ, நினைக்கவே வேணாம்."

"மாசாமாசம் வர்றியேப்பா, நீ பாக்கலையா?" என்றார் இவர், தன் கட்சி தோற்றுவிடும் கவலையில்.

"ஒண்ணாந்தேதி வந்தேன் சார், சரியாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் தேஞ்சா தேதிக்கு எப்படித் தெரியும்? மூணு மாசத்துக்கு ஒருக்கா நான் வந்து பிரிச்சுப் பாக்குறேன். நடுவுல வாரா வாரம் ஒருத்தர் இந்த மட்டத்தை அளந்து பாருங்க. ஒரு அளவு தாண்டிச்சுன்னா அன்னைக்கே கூப்பிடுங்க. நிக்கிற வரைக்கும் வெயிட் பண்ணாதீங்க."

"வாரா வாரம் லிஃப்டையே பாத்துட்டு யார் இருப்பா?" என்றான் பாலா. முப்பது வீட்டுத் தலையும் என் பக்கம் திரும்பியது. இத்தனை வருஷம் சம்பளமில்லாமல் பார்த்த வேலைக்குப் பதவி கிடைத்தது. அளவு அரைத் தீப்பெட்டி என்று நானே நிர்ணயித்தேன்.

ஜேம்ஸ் வேலை முடிக்கும் வரை லிஃப்ட் கிடையாது. படியில் ஏறும்போது வசந்தி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் யாரும் இல்லாதபோது மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, கட்டு இடது கால்ல இருக்குதுங்க. நீங்க நொண்டறது வலது காலுங்க."

குனிந்து பார்த்தேன். கட்டு இடது காலில்தான் இருந்தது.

"தினமும் கதவு இடுக்குல பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். ஓடி வந்து தள்ளிவிடணும்னு தோணுமுங்க. நான் தள்ளினா அவ அடுத்த நாள் போகவே மாட்டா. நீங்க தள்ளினா, குப்பை கொட்ட வந்தவங்க தள்ளினது, அவ்வளவுதானுங்க." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க, நான் பாத்தது."

ஒரே வீட்டிலிருந்து இரண்டாவது ரகசியம். தலையை மட்டும் ஆட்டினேன். இந்தப் பெண்ணைத்தான் நெஞ்சழுத்தக்காரி என்று மூன்று மாடிக்கும் சொல்லியிருந்தேன். மறுநாள் அதே மூன்று மாடிக்கும் போய், காரணம் சொல்லாமல், அவளைப் போல ஒருத்தி கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தேன். நாலாம் மாடிக்கும் சேர்த்து.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நல்ல மழை. தாரிணி வருகிற நேரம். லிஃப்ட் மேலே நின்றிருந்த நாளெல்லாம் கீழே வாட்ச்மேன் தள்ளி ஏற்றிவிடுவார். எங்கள் மாடியில் அவள் வெளியே வரும்போது சேர் டொப்பென்று தரையில் விழும், என் அடுப்படி வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறாயிற்று, ஆறேகால் ஆயிற்று. பொறுக்க முடியாமல் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு, அளக்கப் போகிற சாக்கில் கதவைத் திறந்தேன்.

வராந்தாவில் யாரும் இல்லை. பட்டனை அழுத்தினேன். திறந்த லிஃப்டுக்குள்ளிருந்து இரண்டு ஈரச் சக்கரக் கோடுகள் புறப்பட்டு, விளிம்பில் எங்கும் அறுபடாமல் தரைக்கு வந்து, என் வாசலைக் கடந்து, கடைசி வீடு வரை போயிருந்தன. லிஃப்ட் கதவு மெல்ல மூடிக்கொண்டது. கோடுகள் காய ஆரம்பித்திருந்தன.