மூன்று லிட்டர் இருநூறு மில்லி

அக்காவின் கார் பதினெட்டு வயதுக் கிழம். கியரைத் தள்ளினால் இரண்டு நொடி யோசிக்கும். பிறகு யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல் குலுங்கிக்கொண்டு கிளம்பும்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா வித்துடலாம்மா. ஸ்கூலுக்கு நானே கொண்டுபோய் விடுறேன்” என்றார் அப்பா.

பாசமாகத்தான் சொன்னார். அக்கா விடைத்தாள்களை அடுக்கினாள். சிறு வயதிலிருந்தே அவளுக்கு இடது காலில் பலம் இல்லை. கிளட்ச் மிதிக்க முடியாது. கிளட்ச் மிதி இல்லாத இந்தக் கார் வரும்வரை, முப்பத்திரண்டு வயது கணக்கு டீச்சர் தினமும் அப்பாவுக்காகப் பள்ளி வாசலில் நின்றாள்.

“கியர்பெட்டி ஆயிலை மாத்திப் பாக்கவா?” என்றேன்.

“யாரு, நீயா? பஸ்ல ‘இறங்கணும்’னு சொல்ல வாய் வராம ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்கினவதானே?” என்றாள் அக்கா.

காரின் கையேட்டில் இருந்த ஆயிலின் எண்ணைச் சீட்டில் எழுதி உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் வேறு டப்பாவை எடுத்து வைத்தார். “இதுவும் சிவப்புதாம்மா. எல்லா வண்டிக்கும் ஒத்துக்கும்.”

சிவப்பு வெறும் சாயம். உள்ளே இருக்கும் தட்டுகள் எவ்வளவு வழுக்க வேண்டும், எப்போது பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் ஆயிலில் கலந்திருக்கும் ரசாயனத்தைப் பொறுத்தது. இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சீட்டை நீட்டியபடியே நின்றேன். எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் வாங்கிக்கொண்டு போன பிறகு, அவரே பெருமூச்சு விட்டு சரியான டப்பாவைக் கொண்டுவந்தார்.

ஞாயிறு காலை அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஆயில் நிறையவே இருந்தது. காரை உயர்த்தி நிறுத்தி அடியில் புகுந்து ஆயில் வடிக்கும் திருகைக் கழற்றினேன். இருமல் மருந்து நிறத்தில் பழையது இறங்கியது. சமையலறை அளவுக் குவளையால் அளந்தேன்: மூன்று லிட்டர் இருநூறு மில்லி. புதியதிலும் அதே அளவை, ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் ஊற்றினேன்.

அக்கா ஏறி உட்கார்ந்து கியரைத் தள்ளினாள். இரண்டு நொடி. பிறகு அதே உதை.

அவள் திட்டியிருந்தால் தேவலை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அளந்துதானேக்கா ஊத்தினேன்.”

“எதை அளந்த?”

“வெளிய வந்ததை.”

“முதல்லயே கொறைஞ்சு கிடந்திருந்தா?”

“கம்பியில பாத்தேனே, நிறைய இருந்தது.”

அக்கா கையேட்டை எடுத்து மடியில் விரித்தாள். “எஞ்சின் ஓடும்போது பாத்தியா, நிக்கும்போது பாத்தியா?”

எந்த ஆயில் என்ற பக்கத்தை நான் நான்கு முறை படித்திருந்தேன். எப்படிப் பார்ப்பது என்ற அடுத்த பக்கத்தைப் புரட்டவேயில்லை. எஞ்சின் நின்றால் சுற்றிக்கொண்டிருந்த ஆயிலெல்லாம் அடித்தட்டில் இறங்கி, நிறைய இருப்பது போல் காட்டும். வண்டி சூடாகி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும்.

“தப்பான விடையை ஒரு மில்லி பிசகாம காப்பியடிச்சிருக்க. எங்க கிளாஸ் பசங்க உன்கிட்ட பிச்சை வாங்கணும்டி.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கால்மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டோம். அக்கா பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராகத் தள்ளி எடுத்தாள். நான் கம்பியை இழுத்தேன். நுனியில் மட்டும் ஈரம். கொஞ்சம் ஊற்றுவது, துடைப்பது, பார்ப்பது. அரை லிட்டருக்கு மேல் போன பிறகுதான் கம்பியில் இருந்த கோட்டைத் தொட்டது.

அக்கா மறுபடி கியரைத் தள்ளி பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

“சரியாயிடுச்சா? இரு, நானும் வர்றேன்” என்று அப்பா செருப்பைத் தேடினார்.

“வேணாம்ப்பா” என்றாள் அக்கா. “நீயும் ஏறாதடி, அந்த ஆயில் கையோட.”

கார் தெருவில் திரும்பி மறைந்தது. அப்பா ஒற்றைச் செருப்போடு நின்றார்.

“எங்க போறா?”

“சொல்லலைப்பா” என்றேன்.